அண்ணன் படத்தைக் குரூப்பில் போடுவதை நிறுத்திவிடலாமா?

மிளகுக்கொடி (ஏற்காடு) கேட்டது:

வணக்கங்க. இந்த மாதிரி இடத்தில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. மகள்தான் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தாள். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படை, மெட்ராஸ் ரெஜிமெண்ட். அப்போது அவருக்கு 22 வயது, எனக்கு 14. அப்பா இங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி. லைன் வீட்டில் குடியிருந்தோம்.

வருடா வருடம் அந்தத் தேதியில் அவர் போட்டோவைப் பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். சேலம், நாமக்கல், திருப்பூர் என்று எண்பது பேருக்கு மேல் இருக்கிற குரூப். முதல் நாலைந்து பேர் கும்பிடு போடுவார்கள். பத்தாவது நிமிடம் ஆரம்பித்துவிடும். புலிகளுக்குப் பயிற்சி கொடுத்ததே நம்ம ஆட்கள்தானே என்பார் ஒருத்தர். இலங்கை அதிபர் பிரேமதாசா புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது தெரியாதா என்பார் இன்னொருத்தர். அடுத்து ஒரு வீடியோ வரும், அதற்குப் பதிலாக வேறொரு வீடியோ வரும். புலிகள் தலைவர் பிரபாகரன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதில் போன வருடம் விடிய விடிய நடந்தது. காலையில் நான் பார்க்கும்போது 140 மெசேஜ். அண்ணன் போட்டோவைப் பார்க்க விரலால் எவ்வளவு தூரம் மேலே தள்ள வேண்டியிருந்தது தெரியுமா.

குரூப்பில் மட்டும் இல்லை. போன ஆடி மாதம் அம்மாப்பேட்டையில் ஒரு துக்க வீடு. ஷாமியானா கீழே உட்கார்ந்து இரண்டு பேர் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காப்பித் தட்டோடு நிற்கிறேன். "இந்தம்மாவோட அண்ணனே அங்கதான் செத்தாரு, கேட்டுப் பாருங்க" என்று என்னைக் கை காட்டினார் ஒருத்தர். என்னத்தைக் கேட்பது? எனக்கு என்ன தெரியும்?

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 21. நவம்பரில் லீவு கிடைக்கும் என்று அண்ணன் எழுதியிருந்ததால், அவர் பங்கு அதிரசத்தை அம்மா தூக்குப்போசியில் போட்டு மூடி வைத்திருந்தார். மூன்றாம் நாள் தந்தி வந்தது. மலையில் நல்ல மழை. தந்திக்காரர் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார். இங்கிலீஷ் தந்தி என்பதால் எஸ்டேட் ரைட்டரிடம் அப்பா கொண்டுபோனார், நானும் பின்னாலேயே ஓடினேன். ரைட்டர் படித்துவிட்டு, "மேஸ்திரி, கொஞ்சம் உட்காருங்க" என்றார். அப்பா உட்காரவில்லை. அந்த ஆபீசில் அவர் உட்கார்ந்ததே கிடையாது. நின்றுகொண்டேதான் கேட்டார்.

உடம்பு வரவில்லை. அங்கேயே தகனம் முடிந்துவிட்டது என்று பின்னால் ஒரு கடிதம் வந்தது. உடம்பைப் பார்க்காமல் காரியம் செய்யக் கூடாது என்று பெரியப்பா ஒரு பக்கம், செய்தே ஆகணும் என்று மாமா ஒரு பக்கம். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது பாருங்கள் விவாதம்.

பொங்கல் கழித்து ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. இரண்டு செட் யூனிபாரம், ஓடாத ஹெச்எம்டி வாட்ச், சவர சாமான், ஒரு துணி முடிச்சு. முடிச்சில் மிளகு. லீவு முடிந்து கிளம்பும்போது சளி பிடித்தால் கடித்துக்கொள்ள அம்மா கொடுத்தது, கைப்பிடி அளவு மீதி வந்திருந்தது. அப்புறம் ஒரு இன்லாண்டு லெட்டர், எழுதி முடிக்காதது. "அன்புள்ள அம்மா அப்பாவுக்கு, நலம். நலமறிய ஆவல். இங்கே மழை பிடித்துவிட்டது. பாப்பாவிடம்". அவ்வளவுதான். பாப்பா நான்தான்.

பிரேமதாசா என்ன செய்தார், டெல்லியில் யார் என்ன சொன்னார்கள் என்று இவர்கள் பேசுவதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. நானும் வயதான பிறகு தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அதில் உண்மையும் இருக்கும். ஆனால் எந்தப் பக்கத்துக்காரர் பேசினாலும் கடைசியில் அண்ணன் அவர் கட்சிக்குச் சாட்சியாகிவிடுகிறார். அந்தக் காலத்திலும் அப்படித்தான். சேலம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அமைதிப்படையைத் திட்டிப் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள், அதைத் தாண்டித்தான் டவுனுக்குப் போவோம். தமிழனைக் கொல்லப் போனவன் தங்கச்சி என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் சொன்னாள். 1990 மார்ச்சில் கடைசிப் படை மெட்ராஸ் வந்து இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் கலைஞர் போகவில்லை என்று ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து அப்பா சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கேட்டதைச் சொன்னார்.

என் கேள்வி இரண்டு. ஒன்று, படம் போடுவதை நிறுத்திவிடலாமா? வீட்டுக்காரர் நிறுத்து என்கிறார். மகள் போடு, ஆனால் யாரும் பதில் எழுத முடியாதபடி பூட்டிவிடு என்கிறாள். இரண்டு, அவர் பேர் எங்கேயாவது பொறிக்கப்பட்டிருக்கிறதா? அதை எப்படிப் பார்ப்பது? அம்மா அப்பா இரண்டு பேரும் இப்போது இல்லை. எனக்காகத்தான் கேட்கிறேன்.

---

பழைய சிக்னல்காரன் (ஆத்தூர்):

தங்கச்சி, நானும் அந்தச் சமயம் அங்கே இருந்தவன்தான். சிக்னல்ஸ். உங்கள் அண்ணனைத் தெரியும் என்று சொன்னால் அது பொய். பல்லாயிரம் பேர் போயிருந்தோம்.

முதலில் இரண்டாவது கேள்வி. டெல்லியில் இந்தியா கேட் பக்கத்தில் 2019 பிப்ரவரி 25ஆம் தேதி தேசியப் போர் நினைவகம் திறந்தார்கள். வட்டம் வட்டமாகக் கட்டியிருக்கிறார்கள், அதில் தியாகச் சக்கரம் என்கிற வட்டத்தின் சுவர்களில் கருங்கல் பலகைகள். சுதந்திரத்துக்குப் பிறகு போர்களிலும் படை நடவடிக்கைகளிலும் இறந்த வீரர்கள், 25,000க்கு மேல், ஆளுக்கு ஒரு கல். இலங்கைக்குப் போய்த் திரும்பாதவர்களும் அதில் உண்டு. அவர்களுடைய இணையதளத்திலும் பேரைப் போட்டுத் தேடலாம். கொழும்புக்குப் பக்கத்தில் ஸ்ரீஜயவர்த்தனபுர கோட்டேயில், இலங்கை நாடாளுமன்றம் இருக்கிற ஊர், அங்கேயும் அமைதிப்படைக்கென்று தனியாக ஒரு நினைவிடம் இருக்கிறது. அமைதிப்படையில் கிட்டத்தட்ட 1,200 பேர் இறந்துபோனார்கள். யாழ்ப்பாணம் பக்கத்தில் பலாலியிலும் ஒரு நினைவுத்தூண் உண்டு.

தேட ஆர்மி நம்பர் கையில் இருந்தால் சுலபம். தந்தியிலோ பென்ஷன் காகிதத்திலோ பாருங்கள். டிரங்குப் பெட்டியின் மூடியிலும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும், நாங்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதி வைப்போம். காகிதம் எதுவும் இல்லாவிட்டால் சேலத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், ரெஜிமெண்ட் ரெக்கார்டு ஆபீசுக்கு ஒரு மனு எழுதித் தரச் சொல்லுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது குன்னூர் வெல்லிங்டனில் இருக்கிறது. தூரம் இல்லை.

உடம்பு வராததற்கு யார் மேலும் வருத்தப்படாதீர்கள். கார்கில் சமயத்தில்தான் பெட்டியில் வைத்து வீட்டு வாசல் வரை கொண்டுவருவது வழக்கமானது. எங்கள் காலத்தில் அங்கேயே கட்டை அடுக்கி முடித்துவிடுவோம். மழை பெய்த நாட்களில் சிரமப்பட்டோம். அவசரமாகச் செய்தோமே தவிர அலட்சியமாகச் செய்யவில்லை. அதை மட்டும் என்னால் சத்தியமாகச் சொல்ல முடியும்.

எப்படி இறந்தார் என்றும் ரெக்கார்டு ஆபீசில் கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் ஒரு வாரம் யோசித்துக்கொள்ளுங்கள்.

---

உண்மைவிளம்பி:

சகோதரி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் விவாதமே வேண்டாம் என்பது சரியில்லை. உங்கள் அண்ணன் ஏன் இறந்தார் என்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா? சில விஷயங்களை யோசியுங்கள். 80களின் நடுவில் உங்கள் சேலம் மாவட்டத்திலேயே, மேட்டூர் தாண்டி கொளத்தூர் பக்கம் புலிகளுக்குப் பயிற்சி முகாம் நடந்தது. யார் அனுமதியில் நடந்தது? பேச்சுவார்த்தைக்கு வருகிற பிரபாகரனைச் சுடச் சொன்னார் இந்தியத் தூதர் தீட்சித், நான் மறுத்தேன் என்று அமைதிப்படைத் தளபதி ஹர்கிரத் சிங்கே பின்னால் எழுதினார். அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய வீரர்கள் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் மட்டும் பிடிபட்டார். இறங்கப்போவது எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது? வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்டார்கள் என்பது வெளியே சொல்கிற கதை. 2023 பிப்ரவரியில் நெடுமாறன் ஐயா தஞ்சாவூரில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு பிரபாகரன் உயிரோடு இருக்கிறார் என்றார். இதையெல்லாம் ஒரே கோட்டில் இணைத்துப் பார்த்தால் உங்கள் அண்ணன் திட்டமிட்டுப் பலி கொடுக்கப்பட்டவர் என்பது விளங்கும். வீடியோ லிங்க் தனியாக அனுப்புகிறேன்.

---

குகைப் பையன்:

அண்ணா, அந்தம்மா எழுதியதை முழுசாகப் படித்தீர்களா? எதை வேண்டாம் என்கிறாரோ அதையே வரிசையாகக் கொட்டியிருக்கிறீர்கள்.

அக்கா, ஒரு யோசனை. எங்கள் தாத்தா திதிக்கு நானும் வெறும் போட்டோவும் தேதியும்தான் போடுவேன், ஆளாளுக்கு "ஆழ்ந்த அஞ்சலி" ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு வருடம் அவர் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் வாங்கிய துருப்பிடித்த தராசைப் படம் எடுத்துப் போட்டேன். அன்றைக்குத்தான் தாத்தாவைப் பற்றிப் பேசினார்கள். தராசில் என்னை உட்காரவைத்து நிறுத்தது வரைக்கும் ஒரு அத்தை எழுதினார், எனக்கே அது தெரியாது. "1987, யாழ்ப்பாணம், வீரவணக்கம்" என்று போட்டால் பார்க்கிறவர்களுக்கு அரசியல்தான் ஞாபகம் வரும். அந்த மிளகு முடிச்சைப் போட்டுப் பாருங்கள். பிரேமதாசாவுக்கும் மிளகுக்கும் சம்பந்தம் கண்டுபிடிக்க ஆள் இருக்கிறார்களா பார்ப்போம்.

அப்புறம், உங்கள் அண்ணன் எப்படிப்பட்ட ஆள்? எழுதுங்கள். எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

---

நல்லூர் வீதி (இப்போது சேலம் மாவட்டம்):

அக்கா, இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. 90இல் படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு இந்த மாவட்டத்து முகாமுக்கு அனுப்பினார்கள். இங்கேதான் கல்யாணம், பிள்ளைகள், எல்லாம். 2021இல் அகதி முகாம் என்ற பேரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். வீடு அதே வீடுதான்.

உங்கள் அண்ணா இறந்த அதே கிழமை, அதாவது அதே வாரம், எங்கள் அண்ணாவும் இல்லாமல் போனான். அவனுக்குப் பதினாறு, எனக்குப் பதினொன்று. இயக்கத்தில் இல்லை. ஊரடங்கு போட்டு ஷெல் அடிக்கத் தொடங்கியதும் சனமெல்லாம் நல்லூர்க் கோயிலுக்குள் போய் இருந்தோம். கால் நீட்ட இடம் இல்லை. மூன்றாம் நாள், வீட்டில் மாடு கட்டினபடி நிற்கிறது, தண்ணியும் இல்லை எண்டு அம்மா அழத் தொடங்கினா. "அவிட்டு விட்டிட்டு ஓடி வாறன்" எண்டு அண்ணா போனான். திரும்பி வரவில்லை.

எங்களுக்கும் உங்களுடைய குரூப் மாதிரிதான். ஆமிக்காரரின் வண்டியில் ஏற்றினதைக் கண்டோம் என்றார்கள். இயக்கத்துக்குப் போய்விட்டான், வன்னியில் கண்டோம் என்றார்கள். 2009க்குப் பிறகு ஒருத்தர் பேப்பரில் வந்த ஒரு படத்தைக் கொண்டுவந்து, இது உங்கள் பிள்ளைதானே என்று அம்மாவிடம் காட்டினார். அந்தப் படத்தில் இருந்தவனுக்கு இருபது வயதுகூட இராது. அண்ணா இருந்திருந்தால் அப்போது முப்பத்தெட்டு. அம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தப் பேப்பரை வாங்கி மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டா. அம்மா செத்த பிறகு அதை எடுத்தது நான்.

உங்கள் அண்ணாவுடைய ஆட்கள் அடித்த ஷெல்லில்தான் எங்கள் அண்ணா போனானோ என்ற நினைப்பு உங்களுக்கு வரக்கூடும். எனக்கும் வந்தது. அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. உங்கள் பதிவில் "பாப்பாவிடம்" என்ற இடத்தில் அழுதேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

---

மிளகுக்கொடி (ஏற்காடு):

எல்லாருக்கும் நன்றிங்க.

ஆத்தூர் அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி பெட்டி மூடியைப் பார்த்தேன். அதன் மேல் அரிசி மூட்டை வைத்து வைத்து அழுக்கு அப்பியிருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததும் நம்பர் வந்தது. இவ்வளவு நாள் அது கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. இணையதளத்தில் மகள் தேடிக்கொடுத்தாள். பேர் இருக்கிறது. இங்கிலீஷில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, ஆனாலும் அவர்தான். வெல்லிங்டனுக்கு இன்னும் எழுதவில்லை. நீங்கள் சொன்ன ஒரு வாரம் போய் மூன்று வாரம் ஆகிறது.

உண்மைவிளம்பி ஐயா, கொளத்தூர் முகாம் எனக்கும் தெரியும். எங்கள் சித்தி வாழ்க்கைப்பட்ட ஊர் அந்தப் பக்கம்தான், அந்தப் பிள்ளைகளுக்கு மோர் கொடுத்திருப்பதாகச் சொல்வார். அந்தச் சித்திதான் அண்ணன் காரியத்துக்கும் வந்து, மூன்று நாள் இருந்து எல்லாருக்கும் சமைத்துப் போட்டார். இதை எந்தக் கோட்டில் இணைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வீடியோ அனுப்ப வேண்டாம்.

குகைத் தம்பி, கேட்டாயே. இங்கே சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக்கொடி ஏற்றியிருக்கும். முப்பது அடி, நாற்பது அடி போகும். ஒற்றை மூங்கில் ஏணி போட்டுத்தான் பறிப்பார்கள். கணுவில் கால் வைத்து ஏற வேண்டும். அண்ணன் எட்டாவது படிக்கும்போதே ஏறுவார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே இருந்துகொண்டு "பாப்பா, ஏணி ஆடுது" என்று கத்துவார். நான் பயந்து போய் ஏணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுவேன். ஆட்டுவதே அவர்தான், காலால். இது எனக்கு அவர் பட்டாளத்துக்குப் போன பிறகு, அம்மா சொல்லித்தான் தெரிந்தது. சாப்பாட்டில் கத்தரிக்காய் ஆகாது. சீட்டி நன்றாக அடிப்பார், ஆனால் ஒரே பாட்டுத்தான். நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், பட்டாளத்தில்கூட அதை நிமிர்த்த முடியவில்லை. மிளகு முடிச்சைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த அக்டோபருக்குப் போடுகிறேன். பூட்டுப் போடப் போவதில்லை.

நல்லூர்த் தங்கச்சி, உன் பதிவைப் படித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் வந்து என்னவென்று கேட்டார். எனக்குச் சொல்ல வரவில்லை, போனைக் கொடுத்தேன். அவரும் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நீ சொன்ன நினைப்பு எனக்கும் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். முகாம் எந்தப் பக்கம் என்று தனியாக எழுது. ஏற்காட்டு பஸ் பிடித்தால் சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடுவேன், அங்கிருந்து எந்த பஸ் என்று மட்டும் சொல்.

ஒன்று கேட்கலாமா? அந்த மாடு என்ன ஆச்சு?

---

நல்லூர் வீதி (இப்போது சேலம் மாவட்டம்):

அக்கா, இதை இதுவரை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை.

சிவப்பு மாடு, ஒரு கொம்பு வளைந்தது. நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது ஒழுங்கை முனையில் நின்றது. கழுத்தில் கயிறு கிடந்தது. அறுந்த கயிறு இல்லை அக்கா, அவிழ்த்த கயிறு. கழுத்தில் சுற்றி முடிந்து விட்டிருந்தது, காலில் தடக்காமல் இருக்க அண்ணா எப்போதும் செய்கிற மாதிரி.